தட்டினா போகாதே

கதவை ஒருக்களிச்சு விட்டுட்டு வந்து உக்காருங்க. முழுசாச் சாத்த வேணாம்... காத்து வரட்டும். இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. இது கத்திச் சொல்ற கதை இல்ல.

எங்க கம்பெனியில லிப்ட் ரிப்பேர் பாக்குறான்ல, சோடாபுட்டி... கண்ணாடியைக் கழட்டிட்டா சொந்தப் பொண்டாட்டியையே 'யாரு மேடம் வேணும்'னு கேப்பானே, அவன்தான். அவனோட சித்திக்கு நடந்தது இது. சித்தின்னா அவங்க அப்பாவோட தம்பி சம்சாரம். பேய்னா ராத்திரியிலதான் வரும்னு நாம நெனச்சுக்கிட்டு இருக்கோம். இதுல ராத்திரியே கிடையாது. எல்லாம் பட்டப்பகல்.

மத்தியானம் மூணு மணி. மண்டையைப் பொளக்குற வெயில். ரோட்டுல ஈ காக்கா இல்ல. ஊரை விட்டுத் தள்ளிப் போற ரோடு அது... ரெண்டு பக்கமும் காலி மனைங்க, பாதி கட்டி அப்படியே விட்ட சுவருங்க. அந்த ரோட்டுல ஒரு லாரி முக்கிக்கிட்டே வருது. பின்னாடி பூராவும் கல்லு. சாம்பல் கலர்ல, சதுரம் சதுரமா அறுத்த பலகைக் கல்லு. ஒவ்வொரு பள்ளத்துலயும் லாரி இறங்கி ஏறும்போது கல்லும் கல்லும் மோதி... டொக்... டொக்... அந்தச் சத்தம் லாரிக்கு முன்னாடியே சித்தி வீட்டுக்கு வந்துடுச்சு.

வீட்டுல பின்பக்க ரூம்ல, ஜன்னலோரக் கட்டில்ல, ஒருத்தங்க படுத்திருந்தாங்க. சித்தியோட அக்கா.

அந்த அக்காவைப் பத்திச் சொல்லியாகணும். கல்யாணம் பண்ணிக்கல. ஸ்கூல் யூனிபாரம் தைச்சுத் தைச்சு, தங்கச்சியைப் படிக்க வெச்சு, கட்டிக் குடுத்து, அப்புறம் அந்த வீட்டையும் கட்டினாங்க. தங்கச்சியையும் மாப்பிள்ளையையும் 'எதுக்கு வாடகை வீடு, இங்கயே வாங்க'ன்னு கூட்டி வெச்சுக்கிட்டதும் அவங்கதான். வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் மண்ணு இருந்தது. அதுல ஒரு எலுமிச்சை மரம், செம்பருத்தி, ரெண்டு பாத்தி கீரை. தையல் மெஷினை விட்டா அந்த மண்ணுதான் அவங்களுக்கு உலகம்.

ஒரு நாள் காலையில தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க. பக்கவாதம். வலது பக்கம், முகத்தோட சேத்து, சுத்தமாப் போச்சு. பேச்சும் போச்சு. புத்தி மட்டும் கூர்மையா அப்படியே இருந்தது... அதுதான் கொடுமை. இடது கை ஒண்ணுதான் அசையும். அதை வெச்சு சுவத்துல தட்டுவாங்க. ஒரு தட்டுன்னா தண்ணி. ரெண்டுன்னா திருப்பிப் படுக்க வை. மூணுன்னா... ஒண்ணும் இல்ல, சும்மா கொஞ்ச நேரம் வந்து உக்காரு.

ஆரம்பத்துல சித்தி நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. சும்மா சொல்லக் கூடாது. ஆனா எத்தனை நாளைக்கு? மாசம் போகப் போக, தட்டுற சத்தம் கேட்டாலே அவங்களுக்கு எரிச்சலா வர ஆரம்பிச்சுது. சாப்பாட்டுல கை வெச்சா டொக். குளிச்சுட்டுத் தலை துவட்டினா டொக் டொக். ஒரு நாள் கட்டிலை சுவத்துல இருந்து தள்ளிப் போட்டாங்க. அக்கா கட்டில் கம்பியில தட்டினாங்க. கம்பியில துண்டைச் சுத்திக் கட்டினாங்க. அக்கா எவர்சில்வர் டம்ளரை எடுத்து தலைமாட்டு ஜன்னல் கட்டையில தட்டினாங்க. மறுநாள்ல இருந்து தண்ணி பிளாஸ்டிக் டம்ளர்ல வந்துச்சு.

இவ்வளவுக்கும் வாய் வார்த்தையா ஒரு சண்டை கிடையாது. எப்படி இருக்கும்? ஒருத்தருக்குத்தான் வாய் இருக்கே.

சித்தப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துறவர். கத்துக் குடுக்குற கார்ல அவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் பாருங்க... வீட்டுலயும் அப்படித்தான். யாரு என்ன ஓட்டினாலும் இவர் கால் ஒண்ணு பிரேக்கு மேலயே இருக்கும். அவருக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. பின்னாடி இருக்குற மண்ணை வழிச்சுட்டு, கல் பாவி, நாலு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு குடை... சாயந்திரம் ஆனா சிநேகிதங்களோட வெளியில உக்காந்து டீ குடிக்கணும். யாரோ வீட்டுல பாத்துட்டு வந்துட்டாரு. அன்னிலேருந்து அதே பேச்சு.

"உங்க அக்கா மண்ணு ஆசைக்கு, வீடு பூரா சேறு. இனிமே அவங்க எழுந்து வந்து களை பிடுங்கப் போறாங்களா?"ன்னாரு.

சித்தி, "அக்கா ஜன்னல் வழியா அதைத்தாங்க பாத்துக்கிட்டு இருக்கு"ன்னாங்க.

"இனிமே கல்லைப் பாக்கட்டும்"னாரு.

அதான், அந்த மத்தியானம் லாரி வந்து நின்னது.

வேலைக்கு வந்தது ஒரு மேஸ்திரியும் அவர் சம்சாரமும். ரெண்டு பேரும் சேந்தே வேலை செய்யறவங்க. அவரு அதிகமாப் பேச மாட்டாரு, அந்தம்மா பேசாம இருக்க மாட்டாங்க. முதல் நாள் எலுமிச்சை மரத்தை வெட்டினாங்க. அக்கா ஜன்னலுக்கு நேரா. வெட்டின பச்சை வாசனை ரூம் பூரா அடிச்சுது. அக்கா தட்டினாங்க... ஜன்னல் கண்ணாடியில, உள்ளங்கையால, தப்புத் தப்புன்னு. மேஸ்திரி சம்சாரம் அரிவாளைக் கீழ வெச்சுட்டு, "அம்மா, அவங்க என்னமோ சொல்றாங்க"ன்னாங்க.

சித்தி உள்ள போனாங்க. திரையை இழுத்து விட்டுட்டு வந்தாங்க. "வெயில் அடிக்குதாம்"னாங்க.

அப்புறம் மண்ணை வெட்டி எடுத்தாங்க. செம்பருத்தி வேரோட வந்துச்சு. பள்ளத்துல ஜல்லி கொட்டி, கட்டையால இடிச்சு இடிச்சு இறுக்கி, அது மேல மணல் பரப்பி, நீளமா ஒரு பலகையை வெச்சு இழுத்து, துணி இஸ்திரி போட்ட மாதிரி மட்டம் பண்ணாங்க. அப்புறம் கல்லு. ஒவ்வொரு கல்லா வெச்சு, மேல ரப்பர் சுத்தியலால தட்டி உக்கார வெக்கணும். டொக்... டொக்... டொக். ரசமட்டம் வெச்சுப் பாப்பாரு. ஒரு மூலை தூக்கியிருந்தா மறுபடியும் டொக். நாள் பூரா அதே சத்தம்.

சித்திக்கு அந்தச் சத்தம் பிடிச்சுப் போச்சு. ஏன்னு கேளுங்க. உள்ள இருந்து வர்ற சத்தமும் வெளியில இருந்து வர்ற சத்தமும் ஒண்ணாக் கலந்துடுச்சு. எது எதுன்னு தெரியாது. தெரியலைன்னா எழுந்து போக வேண்டியதில்ல. ரொம்ப நாள் கழிச்சு அவங்க காலை நீட்டி உக்காந்து ஒரு வாய் நிம்மதியாச் சாப்பிட்டாங்க.

கடைசி வரிசைக் கல்லு போடுற அன்னிக்கு...

மேஸ்திரியும் அந்தம்மாவும் மத்தியானம் சாப்பிட ரோட்டு முனைக்குப் போனாங்க. சுத்தியல் சத்தம் நின்னு போச்சு. சித்தி அடுப்படியில தட்டுல சோறு போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க.

தட்டுற சத்தம் நிக்கல.

டொக் டொக் டொக்... டொக் டொக் டொக்... மூணு மூணா.

சித்தி சோத்தைப் பிசைஞ்சாங்க. மூணுதானே. மூணுன்னா சும்மாதானே. சாப்பிட்டுட்டுப் போகலாம்.

கொஞ்ச நேரத்துல மூணு நாலாச்சு, நாலு அஞ்சாச்சு... கணக்கே இல்லாமப் படபடன்னு தட்டுச்சு. மரத்துலயா, இரும்புலயா, தரையிலயான்னு புரியல. சித்தி குழாயைத் திறந்து விட்டாங்க. தண்ணி பாத்திரத்துல கொட்டுற சத்தத்துல அது கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தது. ஒரு வாய் சாப்பிட்டாங்க. இன்னொரு வாய் சாப்பிட்டாங்க. அப்புறம் அதுவே மெதுவாச்சு. டொக்... ரொம்ப நேரம் கழிச்சு... டொக்.

அந்த நேரம் பாத்து மேஸ்திரி சம்சாரம் தண்ணி கேட்டுப் பின்வாசலுக்கு வந்துட்டாங்க. காதைக் குடுத்துக் கேட்டுட்டு, "உள்ள யாரோ தட்டுறாங்களேம்மா?"ன்னாங்க.

"குழாய்ல காத்து"ன்னாங்க சித்தி. "தண்ணி விட்டா அப்படித்தான் தட்டும்."

அந்தம்மா சித்தி மூஞ்சியைப் பாத்துச்சு. அப்புறம் சொம்பை வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு. வெளியில ரப்பர் சுத்தியல் மறுபடியும் ஆரம்பிச்சுது.

சாயந்திரம் காப்பி எடுத்துக்கிட்டு சித்தி அந்த ரூமுக்குப் போனாங்க. அக்கா கட்டில்ல இல்ல. கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல... இவங்க தள்ளிப் போட்டாங்களே, அந்தச் சந்துல... தலைகீழாச் சரிஞ்சு கிடந்தாங்க. போர்வை கழுத்தைச் சுத்தி முறுக்கியிருந்துச்சு. இடது கை தரையில. விரல் முட்டி நாலும் தோல் கிழிஞ்சு, தரையில சின்ன வட்டமா ரத்தம் காய்ஞ்சு போயிருந்தது.

சித்தி முதல்ல என்ன பண்ணாங்க தெரியுமா? ஈரத்துணி எடுத்துட்டு வந்து அந்த வட்டத்தைத் துடைச்சாங்க. கையையும் துடைச்சாங்க. அக்காவைத் தூக்கிக் கட்டில்ல கிடத்தினாங்க. அப்புறம்தான் அழுதாங்க. நிஜமாவே அழுதாங்க... அதையும் சொல்லணும்.

டாக்டர் வந்து மாரடைப்புன்னு சொல்லிட்டாரு. படுக்கையில கிடந்தவங்கதானே, யாரு கேக்கப் போறா? துக்கத்துக்கு வந்தவங்க எல்லாம், "கஷ்டப்படாமப் போயிட்டாங்க"ன்னாங்க. வந்தவங்களுக்கு உள்ள இடம் பத்தல. பின்னாடி புதுக் கல் தளத்துல நாற்காலி போட்டு உக்கார வெச்சாங்க. சித்தப்பா சுத்திப் பாத்துட்டு, "நல்ல வேளை, நேரத்துக்குப் போட்டு முடிச்சோம்"னாரு.

அப்புறம் கொஞ்ச நாள் ஒண்ணும் இல்ல. சித்தி அந்த ரூமைக் கழுவி விட்டு, பெட்டி படுக்கை எல்லாம் அடுக்கிட்டாங்க. சித்தப்பா ஆசைப்பட்ட மாதிரியே சாயந்திரம் சிநேகிதங்க வந்தாங்க, டீ குடிச்சாங்க, சிரிச்சாங்க.

ஒரு மத்தியானம். வீட்டுல சித்தி மட்டும். தட்டுல சோறு போட்டு உக்காந்தாங்க.

டொக்.

கை அப்படியே நின்னு போச்சு. பின்வாசல் பக்கம். கல்லு மேல யாரோ தட்டுற மாதிரி இல்ல... கல்லுக்கு அடியில இருந்து.

டொக்.

எழுந்து போய்ப் பாத்தாங்க. யாரும் இல்ல. வெறும் தளம். வெயில்ல வெள்ளையாக் கண்ணைக் கூசுது. திரும்பி வந்து உக்காந்தாங்க. டொக். மறுபடியும் ஓடினாங்க. நின்னு போச்சு. மண்டி போட்டுக் கல்லுல காதை வெச்சாங்க. காது சுட்டுச்சு... கொதிக்கிற கல்லு. உள்ள ஒண்ணும் இல்ல. அடுப்படிக்கு வந்து ஒரு கவளம் எடுத்தாங்க... டொக்.

சாயந்திரம் சித்தப்பாகிட்ட சொன்னாங்க. அவரு குதிச்சுக் குதிச்சுப் பாத்துட்டு, "கல்லு சரியா உக்காரல. அடியில காலியா இருக்கும். வெயில்ல விரிஞ்சு சத்தம் போடுது"ன்னுட்டு மேஸ்திரிக்குப் போன் பண்ணாரு.

மறுநாள் புருஷனும் பொண்டாட்டியும் வந்தாங்க. மேஸ்திரி ஒரு கம்பியால ஒவ்வொரு கல்லாத் தட்டிக்கிட்டே போனாரு. நல்லா உக்காந்த கல்லு கணீர்னு கேக்கும். அடியில காலின்னா பொத்துன்னு கேக்கும். பொத்துன்னு கேட்ட இடத்துல எல்லாம் சாக்பீஸால ஒரு கோடு போட்டாரு. முடிச்சுட்டு நிமிந்தாரு. "இத்தனையா?"ன்னாரு. நாலு கல்லைப் பெயர்த்துப் பாத்தாரு. அடியில மணல் அன்னிக்கு இழுத்த மட்டத்துலயே இருக்கு. ஒரு இம்மி இறங்கல. காலியே இல்ல. மறுபடியும் கல்லை வெச்சுத் தட்டினாரு. பொத்.

அந்தம்மா பின்வாசப் படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு. கீழ நின்னா தெரியாது. படி மேல நின்னாத்தான் தெரியும். சாக்பீஸ் கோடு எல்லாத்தையும் கண்ணால சேத்துப் பாத்தா... நீட்டிப் படுத்த ஒரு ஆளு. தலை, தோளு, ஒரு பக்கம் விரிச்ச கை. இடது கை.

அந்தம்மா இறங்கி வந்து சாமானை எல்லாம் பையில போட்டுச்சு. "வாய்யா போகலாம்."

"ஏய், வேலை முடியல..."

"இது நம்ம வேலை இல்ல." அப்புறம் சித்தி பக்கம் திரும்பிச்சு. குரலைத் தணிச்சுத்தான் சொல்லிச்சு. "அன்னிக்கு அது குழாய்ல காத்து இல்லைன்னு எனக்குத் தெரியும்மா. போய்ப் பாத்திருக்கணும். நீங்களும் போகல, நானும் போகல. அவங்க என் வீட்டு ஆளு இல்ல, என்னைத் தேடி வந்து தட்ட மாட்டாங்க, தப்பிச்சேன். நீங்க பாத்துக்கங்க."

போயிட்டாங்க. அதுக்கப்புறம் போன் பண்ணா எடுக்கவே இல்ல.

சித்தி தனியா மாட்டிக்கிட்டாங்க. தினமும் மத்தியானம் சாப்பாட்டு வேளைக்கு அது ஆரம்பிக்கும். சித்தப்பா இருந்தா கேக்காது. ஒரு நாள் ஒரே ஒரு தட்டு, கொஞ்சம் விட்டு மறுபடியும் ஒரே ஒரு தட்டு... சித்திக்குச் சட்டுன்னு உறைச்சுது. ஒண்ணுன்னா தண்ணி.

எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணி எடுத்துக்கிட்டுப் போய் அந்தக் கல்லு மேல ஊத்தினாங்க. கல்லு இடுக்குல தண்ணி சர்ருன்னு இறங்கிச்சு. நின்னு போச்சு. அன்னிக்கு முழுக்கச் சத்தமே இல்ல.

மறுநாள் ரெண்டு டம்ளர் கேட்டுச்சு. அதுக்கு மறுநாள் ஒரு சொம்பு. அப்புறம் குடம். ஊத்தினா நிக்கும், உள்ள வந்து உக்காந்தா தட்டும். காலையில தட்ட ஆரம்பிச்சா சாயந்திரம் வரைக்கும்... அக்கா உயிரோட இருந்தப்போ இருந்த அதே ஓட்டம். இடுப்பு ஒடிஞ்சு போச்சு. சோறு இறங்கல. ஆளு பாதியாப் போயிட்டாங்க. "அக்கா, போதும்க்கா. தப்புத்தான்க்கா"ன்னு கல்லுகிட்ட கெஞ்சுவாங்க. அக்கா எங்க பேசப் போறாங்க... டொக்.

தண்ணி தேங்கித் தேங்கி, அந்த இடம் பூரா பச்சைப் பாசி பிடிச்சுது. சேத்து வாடை வேற. ஒரு நாள் சித்தப்பா சீக்கிரமா வீட்டுக்கு வந்தவரு பாத்துட்டாரு... பொண்டாட்டி தலைவிரி கோலமா குடத்தோட நின்னு கல்லுக்குத் தண்ணி ஊத்துறாங்க.

"என்னடி பண்றே? கல்லு முளைக்குமா?"

அன்னிக்குத்தான் சித்தி எல்லாத்தையும் சொன்னாங்க. கட்டிலைத் தள்ளிப் போட்டது, குழாயைத் திறந்து விட்டது, தரையைத் துடைச்சது... எல்லாம். சித்தப்பா கேட்டாரு. திடுக்கிட்டாரா? இல்ல. அவரு பிரேக்கு மேல காலை வெச்சாரு, அவ்வளவுதான்.

"செத்தவங்க செத்தாச்சு. இது உன் மனசு பண்ற வேலை. நீ போகப் போகத்தான் அது கூப்பிடும். இனிமே தட்டினா போகாதே. வீடே இடிஞ்சு விழுந்தாலும் போகாதே. நாலு நாள் போகாம இருந்து பாரு, தானா நிக்கும். என் மேல சத்தியம் பண்ணு."

சித்தி அவரு தலையில கை வெச்சு சத்தியம் பண்ணாங்க.

சும்மா சொல்லக் கூடாது, அவரு சொன்னது நடந்துச்சு. முதல் நாள் நரகம். சித்தி தலைகாணியைக் காதுல அழுத்திக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில படுத்துக் கிடந்தாங்க. அடுத்த நாள் ரேடியோவைச் சத்தமா வெச்சாங்க. அதுக்கு அடுத்த நாள் கொஞ்சம் குறைஞ்சுது. அப்புறம் எப்போவாவது ஒண்ணு. அப்புறம் அதுவும் இல்ல. ஒரு வாரம் முழுக்க இல்ல. சித்திக்கு முகத்துல ரத்தம் வந்துச்சு. தலை பின்னிப் பூ வெச்சுக்கிட்டாங்க. சித்தப்பாகிட்ட, "நீங்க சொன்னதுதாங்க சரி"ன்னு சிரிச்சாங்க.

அப்புறம் ஒரு மத்தியானம்... சாப்பாடு போட்டுக்கிட்டு உக்காந்தாங்க.

தொப்புன்னு ஒரு சத்தம். எங்கயோ மூட்டை விழுந்த மாதிரி. காலி மனையில எவனாவது ஜல்லி இறக்குறானாக்கும்னு விட்டுட்டாங்க.

கொஞ்ச நேரம் கழிச்சு... டொக்.

சித்தி நிமிரல.

டொக். டொக். டொக்.

பழைய மாதிரி இல்ல. இன்னும் கிட்ட. இன்னும் பலமா. நடுவுல வேற என்னமோ ஒரு சத்தம்... தொண்டையில சளி அடைச்ச மாதிரி, கொர்... கொர்னு. ப்ளீச்சிங் பவுடர் வாடை மாதிரி காரமா ஒண்ணு பின்வாசல் வழியா வந்து மூக்குல ஏறிச்சு. அக்கா பழையபடி வந்துட்டாங்க. விடமாட்டாங்க போல. சித்தி எழுந்திருச்சாங்க... பின்வாசல் வரைக்கும் போனாங்க. தாழ்ப்பாள் மேல கையை வெச்சுட்டாங்க.

தட்டினா போகாதே. வீடே இடிஞ்சு விழுந்தாலும் போகாதே.

கையை எடுத்துட்டாங்க. தாழ்ப்பாளை இன்னும் இறுக்கிப் போட்டாங்க. ரேடியோவை வெச்சாங்க. அதையும் மீறிக் கேட்டுச்சு. படபடபடன்னு, கணக்கே இல்லாம. அப்போ அவங்களுக்குப் பயம் போய் ஒரு ஆத்திரம் வந்துச்சு பாருங்க... அத்தனை மாசத்து ஆத்திரமும் சேந்து. கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு வாய் விட்டுக் கத்தினாங்க.

"தட்டு! நல்லாத் தட்டு! கை ஒடியற வரைக்கும் தட்டு! வரமாட்டேன்! அன்னிக்கும் வரல, இன்னிக்கும் வரமாட்டேன்!"

வெளியில ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் ஒண்ணே ஒண்ணு, மெதுவா. டொக்.

அவ்வளவுதான். நின்னு போச்சு.

சித்தி வந்து உக்காந்து சாப்பிட்டாங்க. தட்டை வழிச்சுச் சாப்பிட்டாங்க. ஜெயிச்சுட்டோம்னு நெனச்சாங்க. பாயைப் போட்டு ஒரு தூக்கம் கூடப் போட்டாங்க.

பொழுது சாயற நேரத்துல டிரைவிங் ஸ்கூல்ல இருந்து போன். "சார் எங்கம்மா? பாசி வழுக்குது, சீக்கிரம் தேய்ச்சு விட்டுட்டு வந்துடறேன்னு பன்னெண்டு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பினாரே..."

சித்தி பின்வாசலைத் திறந்தாங்க.

அவரு பக்கச் சந்து வழியாவே பின்னாடி போயிருக்காரு. பொண்டாட்டிக்குத் தெரியாம சுத்தம் பண்ணி வெச்சு, சந்தோஷப்படுத்தலாம்னு. ப்ளீச்சிங் பவுடர் டப்பா கவுந்து கிடந்துச்சு. தேய்க்கிற பிரஷ் ஒரு பக்கம். அவரு படிக்குக் கீழ, வாசல்ல இருந்து கையெட்டுற தூரத்துல மல்லாந்து கிடந்தாரு. வழுக்கி விழுந்ததுல பின்கழுத்து படி விளிம்புல மோதியிருக்கு. குரல் எழும்பல. உடம்பு அசையல. ஒரு கை மட்டும் அசைஞ்சிருக்கு. அந்தக் கையில முட்டி நாலும் எலும்பு தெரியற வரைக்கும் தேஞ்சு போயிருந்தது. கண்ணு ரெண்டும் கதவையே பாத்துக்கிட்டு.

ஆஸ்பத்திரியில கேட்டதுக்கு, "உடனே தூக்கிட்டு வந்திருந்தா பிழைச்சிருப்பாரு. ரொம்ப நேரம் உயிர் இருந்திருக்கு"ன்னுட்டாங்க.

இந்தத் தடவை துக்கத்துக்கு வந்தவங்க எல்லாம் உள்ளயேதான் நெருக்கிக்கிட்டு உக்காந்தாங்க. பின்பக்கம் யாரும் போகல. சித்தி அழல. வந்தவங்க ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுக்கிட்டு, நான் இப்போ உங்களுக்குச் சொன்னேனே, அத்தனையும் ஒண்ணு விடாமச் சொன்னாங்க. சோடாபுட்டி பக்கத்துலயே உக்காந்து கேட்டிருக்கான்.

அப்போ பக்கத்து மனையில இருக்குற மாடி வீட்டுல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. புதுசாக் குடி வந்தவங்க. வந்து பத்து நாள் கூட ஆகல. இந்த வீட்டுல யாரையும் அவங்களுக்குத் தெரியாது. பழைய கதை எதுவும் தெரியாது. ஓரமா உக்காந்து விம்மி விம்மி அழுதாங்க. சோடாபுட்டிதான் தண்ணி குடுத்து, "என்னம்மா?"ன்னு கேட்டிருக்கான்.

"நான் பாத்தேன்ப்பா"ன்னாங்க அந்தம்மா. "மாடியில துணி எடுக்கப் போனப்போ பாத்தேன். அவரு தரையில படுத்துக்கிட்டுக் கையால கல்லைத் தட்டிக்கிட்டு இருந்தாரு. எனக்குப் பதறிப் போச்சு. ஓடி வரலாம்னுதான் நெனச்சேன்... ஆனா அவரு தனியா இல்லியே. பக்கத்துல வயசான ஒரு அம்மா சம்மணம் போட்டு உக்காந்து, அவரு தலையைத் தடவிக் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. வீட்டு ஆளுங்கதான் கூட இருக்காங்களேன்னு விட்டுட்டேன். 'என்னாச்சும்மா, நான் வரட்டுமா?'ன்னு மேலேருந்து குரல் கூடக் குடுத்தேன்."

"அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலப்பா. நிமிந்து என்னைப் பாத்தாங்க. உதட்டு மேல விரலை வெச்சு, சத்தம் போடாதேன்னு காமிச்சாங்க. அப்புறம் சிரிச்சாங்க..."

அந்தம்மா தண்ணி டம்ளரைக் கீழ வெச்சாங்க.

"வாயோட ஒரு பக்கம் மட்டும் சிரிச்சுது."